இனிஷியலுக்கு விட்ட இடம்

"கொர்னேலியுஸ்! யாருப்பா இங்க கொர்னேலியுஸ்?"

மீனம்பாக்கம் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில், காகிதக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் கூவினான். சுவரோரம் குந்தியிருந்த கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான்தான்."

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "பெருசு, நான் பாடி பேரக் கேக்கறேன். நீ இன்னா நான்தான்ற?"

"என் பேருதாம்பா அது."

"அப்ப உள்ள பொட்டியில கீறது யாரு?"

கூட வந்திருந்த ராயப்பன்தான் முன்னால் போய்ப் பேசினார். உள்ளே இருப்பது இவருடைய மகன், அவன் பெயர் பிராங்க், வெளிநாட்டுக்காரன் காகிதத்தில் அப்பன் பெயரைத்தான் பெரிதாகப் போடுவான் என்று அவர் சொல்லி முடித்தபிறகே அந்த ஆள் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினான். கொஞ்ச நேரத்தில் தள்ளுவண்டியில் பெட்டி வந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் கொட்டை எழுத்தில் கொர்னேலியுஸ் என்று இருந்தது. பிராங்க் என்பது அதன் பக்கத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்தது.

தன் பெயர் ஒட்டிய சவப்பெட்டியைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கும் கொடுமை எந்தத் தகப்பனுக்கு வாய்க்கும்? அவருக்கு வாய்த்தது. பிணத்துக்கு முன்னால்கூட அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். ஆனாலும் அழவில்லை. ஆறு வருஷமாகப் பிடித்து வைத்திருந்த பிடிவாதம் அவ்வளவு லேசில் விடுமா?

ஆம்புலன்ஸில் ஏறியதும் ராயப்பன் மெல்ல ஆரம்பித்தார். இருவரும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில் முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்தவர்கள். ஓய்வு பெற்றபின் கரையான்சாவடியில் பக்கத்துப் பக்கத்து வீடு. கொர்னேலியுஸ் என்ற பெயர் வாயில் நுழையாமல் தொழிற்சாலையே அவரைக் 'கர்னல்' ஆக்கிவிட்டிருந்தது. நிஜக் கர்னல் ஒருத்தர் பார்வையிட வந்த அன்று, "கர்னல், அந்த ரிஞ்சக் குடு" என்று யாரோ கத்தி, வந்தவர் திரும்பிப் பார்த்து, ஷாப்பே நடுங்கிப்போன கதையை ராயப்பன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இன்று சிரிப்பில்லை.

"கர்னலு, கடைசியாக் கேக்கறேன். குழிய இன்னும் வெட்டி முடிச்சிருக்க மாட்டான். ஒரு போன் போட்டா போதும். புள்ளைய அவன் ஆத்தா பக்கத்துல வெச்சிரலாமே?"

"பின்னால புது வரிசையில சொல்லியாச்சு. அங்கியே இருக்கட்டும்."

"உனக்குன்னு வெச்ச எடம் சும்மாதான கீது?"

"அது எனக்கு. ஆத்தா செத்தப்ப வராதவனுக்கு ஆத்தா பக்கத்துல இன்னா வேல?"

ராயப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி பூந்தமல்லிச் சாலையில் நெரிசலுக்குள் நகர்ந்தது.

கொர்னேலியுஸின் பெயர்க் கதையைச் சொல்லாமல் இந்தப் பிடிவாதம் யாருக்கும் புரியாது. அவருக்கு அப்பன் யார், ஆத்தாள் யார் என்று தெரியாது. அறுபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பர் பதினாறாம் தேதி விடியற்காலையில், பூந்தமல்லிப் பக்கம் ஓர் அநாதை மடத்து வாசலில் யாரோ துணியில் சுற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளோ அந்தப் பெயரை வைப்பது அந்த மடத்து வழக்கம். ஒரு நாள் முன்னால் போட்டிருந்தால் வியாகுல மாதா திருநாள். வியாகுலம் என்று வைத்திருப்பார்கள், ஊர் வாயில் சுலபமாக நுழைந்திருக்கும். பெற்றவள் ஒரு நாள் தாமதித்துவிட்டாள்.

மடத்துப் பையன்கள் அந்தப் பெயரைக் கடித்துத் துப்பினார்கள். ஒரு நாள் அழுதுகொண்டு போய், மடத்தை நடத்திய வெள்ளைக்காரச் சாமியாரிடம், "இது இன்னா பேரு சாமி?" என்று கேட்டான் பையன். சாமியார் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். அது உண்மையில் ஓர் ஆளின் பெயரே இல்லை. பழைய ரோமாபுரியில் ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் சொந்தப் பெயருக்குப் பின்னால் கொர்னேலியுஸ் என்று போட்டுக்கொள்வார்கள். பெண்களுக்கோ தனிப்பெயர்கூட அதுதான், எல்லாரும் கொர்னேலியா. கொம்பு என்கிற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஒரு சமயம் அந்தக் குடும்பத்துத் தளபதி ஒருவன் பத்தாயிரம் அடிமைகளை விடுதலை செய்தபோது, அத்தனை பேருக்கும் அதே பெயரைக் கொடுத்தானாம். நேற்றுவரை அப்பன் பெயர் கேட்பாரில்லாமல் கிடந்தவர்கள், ஒரே நாளில் கொர்னேலியுஸ் ஆகிவிட்டார்கள்.

"குடும்பம் இல்லாதவங்களுக்குக் கெடச்ச குடும்பப் பேரு இது. பத்திரமா வெச்சுக்கோ" என்றார் சாமியார்.

பையன் பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டான். ஆனால் நம் ஊரில் பெயர் மட்டும் இருந்தால் போதுமா? தொழிற்சாலையில் சேர்ந்த அன்று குமாஸ்தா, "இனிஷியல் இல்லாம ஒரு ஆளா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, பூந்தமல்லிக்காக ஒரு 'பி' போட்டுவிட்டான். ஊரையா அப்பனாக்குவது? அந்த எழுத்தைத் தன் கையால் ஒரு நாளும் அவர் போட்டதில்லை. பிறகு அருள்செல்வியைக் கட்டி, மகன் பிறந்து, அவனைப் பள்ளியில் சேர்த்த அன்று, வாத்தியார் பலகையில் 'சி. பிராங்க்' என்று எழுதினார். கொர்னேலியுஸ் ஆங்கிலத்தில் தன் பெயரின் முதலெழுத்தான அந்த ஒற்றை 'சி'யைப் பார்த்துக்கொண்டே நின்றார். தனக்குக் கிடைக்காத ஒன்று தன் மகனுக்குத் தன்னால் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு வீட்டில் கோழிக் குழம்பு.

அருள்செல்விக்குக் கொம்பு விஷயம் தெரிந்ததிலிருந்து கொண்டாட்டம். அவர் எதற்காவது முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "இன்னா, கொம்பு மொளச்சிருச்சா?" என்பாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் இருந்தவரை அந்தக் கொம்பு வளராமல் இருந்தது.

பிராங்க் அயர்லாந்துக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனான். நர்ஸ் வேலை பார்த்த ஸ்வீட்லினைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கினான். அருள்செல்வி படுத்த படுக்கையாகி இறந்தபோது, அங்கே குடியிருக்கும் அனுமதி புதுப்பிக்கப் போட்டிருந்த நேரம். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். ஸ்வீட்லின் வேறு முழுகாமல் இருந்தாள். போனில் காட்டிய அடக்கத்தைப் பார்த்து அவன் கதறியது கல்லறையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. கொர்னேலியுஸுக்கு மட்டும் கேட்கவில்லை. அன்று ராத்திரி ராயப்பனின் போனை வாங்கி ஒரே ஒரு வாக்கியம் பேசினார்:

"இனிமே எங்கியும் என் பேர எடுக்காத."

அப்பன் பெயர் இல்லாமல் வளர்ந்த மனுஷன், மகனிடமிருந்து அப்பன் பெயரைப் பிடுங்கினார். அதைவிடப் பெரிய தண்டனை அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் மகன் போன் அடித்தால் எடுக்கவில்லை. பேத்தி பிறந்த செய்தி ராயப்பன் மூலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பிராங்க் ராயப்பனுக்குப் பேசி, "நைனா சாப்ட்டாரா? கால் வலி எப்படி கீது?" என்று கேட்பான். இந்தத் தை பிறந்தால் வந்து நேரே காலில் விழுந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். முப்பத்தொன்பது வயதில், டூட்டி முடிந்து உடை மாற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தானாம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்தது. தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். அதே விமானத்தில் வந்திருந்த ஸ்வீட்லினை அவள் அண்ணன் முன்னதாகவே வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தான். மூடியைத் திறந்ததும் பெண்கள் பெட்டிமேல் விழுந்தார்கள். கொர்னேலியுஸ் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. மகனுக்கு நரைத்தது தெரியாத அப்பனாக இருந்திருக்கிறோமே! விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்வீட்லின் வந்தாள். ஐந்து வயது ஜெபிஷா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளையும் சனத்தையும் மிரண்டு பார்த்தது.

"மாமா, ஒரு விஷயம். அடக்கத்துக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுடணும்."

அவர் நிமிரவில்லை.

"நீங்க பேர எடுக்காதன்னு சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம் அவரு ஒரு வாரம் சரியா சாப்டல. அப்பா சொன்னா சொன்னதுதான், பேர மாத்திடறேன்னு அங்க ஒரு வக்கீலம்மாகிட்ட போனாரு. நானும் போனேன். சரி, இந்தப் பேருக்குப் பதிலா என்ன பேர் போடட்டும்னு அந்தம்மா கேட்டாங்க. அவரு ரொம்ப நேரம் யோசிச்சாரு. 'எங்கப்பாவுக்கு முன்னாடி எங்க குடும்பத்துல யாருமே கெடையாது மேடம். அவருகிட்ட இருந்துதான் நாங்க ஆரம்பிக்கறோம். வேற பேருக்கு நான் எங்க போவேன்'னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டாரு."

கொர்னேலியுஸின் கை துவைக்கிற கல்லின் விளிம்பைப் பிடித்தது.

"ஆஸ்பத்திரியில யாருக்கும் அவர் பேர் பிராங்க்னு தெரியாது மாமா. எல்லாருக்கும் கொர்னேலியுஸ்தான். வார்டுல இருந்து யாராவது கூப்ட்டா, 'எங்க நைனாவக் கூப்புடறாங்க, போய் என்னான்னு கேட்டுட்டு வரேன்'னு சிரிச்சிக்கினே போவாரு. கடைசியா விழுந்தப்பகூட அப்படித்தான் கூப்ட்டு எழுப்பிப் பாத்தாங்களாம்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். குழந்தையின் தலையில் கை வைத்தாள்.

"பாப்பாவுக்கும் அந்தப் பேருதான் போட்டிருக்கு. ஜெபிஷா கொர்னேலியுஸ். பொறந்தப்பவே நான் வேணாம்னேன், உங்களுக்குக் கோவம் வரும்னு. அவரு கேக்கல. இப்ப அவரே இல்ல. உங்களுக்கு மனசு இல்லன்னா சொல்லுங்க மாமா, நான் மாத்திடறேன். நீங்க வேணாம்னு சொன்ன பேர வெச்சிக்கினு இந்தக் குழந்த வளர வேணாம்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேண்டாம் என்றால் அந்தப் பெயர் இத்தோடு போயிற்று. பத்திரமாக வைத்துக்கொள் என்று சாமியார் கொடுத்தது, கடல் தாண்டிப் போய், ரோமாபுரியில் இருந்த மாதிரியே குடும்பப் பெயராக நின்று, ஒரு சின்னப் பெண்ணின் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதை அறுத்துப் போடுகிற கத்தியை மருமகள் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நிற்கிறாள். இருக்கட்டும் என்று சொல்ல வாய் திறந்தார். இதே வாயால்தானே அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினோம் என்று நினைவு வந்தது. எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

ஸ்வீட்லினுக்கு அதுவே பதிலாகிவிட்டது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கொர்னேலியுஸ் ஓர் ஆட்டோவை மறித்து ஏறிப் பங்குக் கோயில் கல்லறைக்குப் போனார். அங்கே குழி வெட்டுவது, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கல்லில் பெயர் கொத்துவது எல்லாமே கஜபதிதான். பின்வரிசையில் குழி தயாராகிவிட்டது. கஜபதி கைகால் கழுவிக்கொண்டிருந்தான்.

"கஜபதி, அங்க வோணாம். என் சம்சாரத்துக்குப் பக்கத்துல வெட்டு."

"இன்னா பெருசு வெளையாடறியா? மூணு மணி ஆவுது. பங்குச் சாமியார் நாலு மணிக்கு வந்துருவாரு."

"நானும் மம்பட்டி புடிக்கறேன்."

"அது கெடக்கட்டும், வெட்டுன குழிய சும்மா மூடக் கூடாதுப்பா. யாரையாச்சும் கேக்கும்."

"மூட வோணாம். மேல பலக போட்டு வையி. அது எனக்கு."

கஜபதி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். மூன்று பேரும் அருள்செல்வியின் சமாதிக்குப் பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தார்கள். கொர்னேலியுஸும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணை அள்ளிப் போட்டார். மூச்சு வாங்கியது. மகனைத் தொட்டிலில் போட்ட கையாலேயே இதையும் செய்கிறேனே என்று வாய்விட்டுச் சொன்னார். அப்போதுதான் கண்ணீர் வந்தது. வந்தது நிற்கவில்லை. துடைக்காமலே மண் அள்ளினார்.

குழிக்குத் தலைமாட்டில் ஆறு வருஷத்துக்கு முன்னால் வைத்த கருங்கல் நின்றது. மேல்வரியில் அருள்செல்வி. கீழ்வரியில் கொர்னேலியுஸ். மனைவி போன ஆத்திரத்தில், தன் பெயரையும் அப்போதே கொத்தி வைத்துவிடச் சொல்லியிருந்தார். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயருக்கு முன்னால் ஒரு சாண் வெற்றிடம். "இனிஷியல் இன்னா?" என்று அன்றைக்குக் கஜபதி கேட்டான். "இல்ல" என்றார் இவர். இனிஷியல் இல்லாத மனுஷனும் உலகத்தில் உண்டு என்பது கஜபதிக்குத் தெரியாது. பெருசு துக்கத்தில் மறந்துவிட்டது, அப்புறம் சொல்லும் என்று தாராளமாக இடம் விட்டுக் கொத்திவிட்டான். பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கிறதே என்று இவர் எவ்வளவோ சத்தம் போட்டார். கல்லில் வெட்டியதை நகர்த்தவா முடியும்?

குழி முடிந்தது. கொர்னேலியுஸ் கல்லின் முன்னால் போய்க் குந்தினார். மண் ஒட்டிய விரலால் அந்த வெற்றிடத்தைத் தடவினார்.

"கஜபதி, சாக்பீஸ் வெச்சிருக்கியா?"

"கீது. இன்னாத்துக்கு?"

"இதுல பிராங்க்னு எழுது. நாளைக்கு அப்படியே கொத்திரு."

"இது உன் பேருக்கு முன்னால கீற எடமாச்சே பெருசு. இங்க எழுதனா உன் பேரு அவனோடதா ஆயிராதா?"

"ஆவட்டும். அவன்தாண்டா அத ஊரெல்லாம் தூக்கிக்கினு திரிஞ்சான். நான் இங்க குந்திக்கினு வோணாம் வோணாம்னேன்."

கஜபதி சாக்பீஸை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டான். ஒரு சாணில் சரியாக அடங்கிற்று. பிராங்க் கொர்னேலியுஸ். ஏதோ அன்றைக்கே அளந்து விட்ட இடம்போல இருந்தது.

நாலு மணிக்கு மணி அடித்தது. ஜெபம் சொல்லிக்கொண்டு கூட்டம் வந்தது. ராயப்பன் பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தார். பின்வரிசைப் பக்கம் திரும்பப் போனவரைக் கஜபதி கைகாட்டி இந்தப் பக்கம் திருப்பினான். ராயப்பன் நண்பனின் மண் படிந்த வேட்டியைப் பார்த்தார்.

ஸ்வீட்லின் கல்லைப் பார்த்தாள். ஒரு முறை படித்தாள். மறுபடியும் படித்தாள். கொர்னேலியுஸ் அவள் பக்கத்தில் போய், குழந்தைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பாப்பா பேர மாத்தாதம்மா. அவ எங்க போனாலும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடணும்."

சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார். பெட்டி இறங்கியது. எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். கொர்னேலியுஸ் தன் பிடி மண்ணைப் போடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு குழிக்குள் குனிந்து, "நைனா வந்துட்டன்டா கொர்னேலியுஸ்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரைச் சொல்லி இன்னொருவரைக் கூப்பிட்டார். மண் விரலிடுக்கு வழியாகத் தானாகவே விழுந்தது.

கூட்டம் கலைந்தது. ராயப்பன் அவர் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும்போது, பின்வரிசையில் கஜபதி வெற்றுக் குழியின்மேல் பலகை அடுக்கிக்கொண்டிருந்தான். தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்:

"பெருசு, கோச்சுக்காத. உன் பேரத்தான் அங்க குட்த்துட்டியே. நாளைக்கு இங்க ஒரு கல்லு வெக்கணும்னா, அதுல நான் இன்னா பேரு கொத்தறது?"

கொர்னேலியுஸ் நின்றார். இத்தனை வருஷமாக யாருடைய மகன் என்று கேட்டுக் கேட்டு அவரைத் துளைத்த ஊர் இது. அதற்கு அவரிடம் எப்போதுமே பதில் இருந்ததில்லை.

"பிராங்கோட அப்பான்னு கொத்து" என்றார். "இனிஷியலுக்கு எடம் வுடாத."